கடல்நீர் மீன்தொட்டியில் ஒட்டுண்ணி நோய்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பவளங்களும் ஆறு மீன்களும் உள்ள 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் புதிதாக ஒரு நீல டாங் மீனை விட்டேன். பத்து நாளில் அதன் துடுப்புகளில் உப்புப் பரல் அளவில் வெண்புள்ளிகள் தோன்றின. வெப்பநிலையை 30 டிகிரிக்கு உயர்த்தி, தீனியில் பூண்டுச் சாறும் கலந்து கொடுத்தேன். நான்காம் நாள் ஒரு புள்ளிகூட இல்லை. அடுத்த வாரமோ எல்லா மீன்களிலும் புள்ளிகள் வந்துவிட்டன. பூண்டின் அளவைக் கூட்டலாமா?

பதில்: கூட்டிப் பயனில்லை. நான்காம் நாள் புள்ளிகள் மறைந்ததற்குப் பூண்டும் வெப்பமும் காரணமல்ல. ஒட்டுண்ணி மீனின் உடலில் வேண்டிய மட்டும் தின்று வளர்ந்து, தானாகவே இறங்கித் தொட்டியின் தரைக்குப் போய்விட்டது. நீங்கள் எதுவுமே செய்யாமல் இருந்திருந்தாலும் அது ஏறக்குறைய அதே நேரத்தில்தான் இறங்கியிருக்கும்.

நீங்கள் எழுதியிருப்பது கடல்நீர் வெண்புள்ளி நோயின் அடையாளங்களோடு அப்படியே பொருந்துகிறது. 1951இல் பிரவுன் என்ற ஆய்வாளர் பெயரிட்ட கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்னும் ஒருசெல் உயிரி இதற்குக் காரணம். அது மீனின் மேல்தோலுக்குள் புதைந்து, அங்குள்ள செல்களை உண்டு, மூன்று முதல் ஏழு நாள் வரை வளர்கிறது. வளர்ந்து முடிந்ததும், பெரும்பாலும் இருட்டு வேளையில், மீனைவிட்டு வெளியேறி, சில மணி நேரம் தரையில் ஊர்ந்து, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு கூட்டை அமைத்துக்கொள்கிறது. கூட்டுக்குள் அது மீண்டும் மீண்டும் பிரிந்து, ஒன்று இருநூறு வரை ஆகிவிடும். கூடு உடைந்ததும் வெளியே நீந்தி வரும் புதிய தலைமுறைக்கு ஓரிரு நாளுக்குள் ஒரு மீன் கிடைத்தாக வேண்டும், கிடைக்காவிட்டால் அழிந்துவிடும். உங்கள் தொட்டியில் முதல் வாரம் ஒரு மீனிலிருந்து இறங்கியவை கூட்டுக்குள் பெருகி, அடுத்த வாரம் ஏழு மீன்களையும் தேடி வந்திருக்கின்றன.

வெப்பநிலையை உயர்த்தும் பழக்கம் நன்னீர் மீன் வளர்ப்பிலிருந்து வந்தது. நன்னீர் வெண்புள்ளி நோயை உண்டாக்குவது வேறோர் உயிரி. அதற்கு வெப்பம் ஓரளவு கைகொடுக்கும். கடல்நீர் ஒட்டுண்ணி 30 டிகிரியில் சாவதில்லை. வெப்பம் கூடக்கூட நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவதால், செவுளில் ஏற்கெனவே புண்பட்ட மீன் மூச்சுவிட மேலும் திணறும் என்பதே அதன் விளைவு. ஆகவே இன்றே வெப்பநிலையைச் சிறிது சிறிதாக 26 டிகிரிக்கு இறக்குங்கள்.

அடுத்து, ஏழு மீன்களையும் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். புள்ளி தெரியாத மீனையும் விட்டுவைக்கக் கூடாது. ஏனெனில் செவுளுக்குள் இருக்கும் ஒட்டுண்ணி நம் கண்ணுக்குத் தெரியாது. சிகிச்சை முழுவதும் அந்த வேறு தொட்டியில்தான் நடக்க வேண்டும். பவளங்கள் இருக்கும் தொட்டியில் ஊற்றத்தக்க மருந்து எதுவும் இந்நோய்க்குப் பயன்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவு மருந்து பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும். அவற்றைக் கொல்லாத அளவு மருந்து ஒட்டுண்ணியையும் கொல்லாது.

பெரிய தொட்டியை மீன் இல்லாமல் 76 நாள் வைத்திருங்கள். கூடுகளில் பெரும்பாலானவை 3 முதல் 28 நாளுக்குள் உடைந்துவிடும் என்றாலும், 72 நாள் வரை தாமதித்த கூடுகளும் ஆய்வில் பதிவாகியுள்ளன. அதனால்தான் இந்த 76 நாள் கணக்கு. பவளங்களும் நத்தைகளும் இறால்களும் அங்கேயே இருக்கலாம். விளக்கு, நீரோட்டம், நீர் மாற்றம் எல்லாம் வழக்கம்போல் நடக்கட்டும். வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் பட்டினி கிடக்காதபடி அவ்வப்போது சிறிது தீனியும் போடுங்கள்.

கேள்வி: தனித் தொட்டியில் காப்பர் மருந்து போட்டு வருகிறேன். மீன்களுக்குப் பழக்கமான இடமாக இருக்கட்டும் என்று சிறிது பவள மணலும் இரண்டு பாறைத் துண்டுகளும் வைத்தேன். காலையில் அளந்தால் சரியாக இருக்கும் அளவு மாலையில் பாதியாகிவிடுகிறது. மீன்களும் தீனியைத் தொடுவதில்லை. மருந்து போலியா?

பதில்: மருந்தைச் சந்தேகிக்கும் முன் மணலையும் பாறையையும் வெளியே எடுங்கள். இரண்டுமே கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. நீரில் உள்ள காப்பரை அவை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். அளவு குறைகிறதே என்று நீங்கள் மேலும் மேலும் ஊற்ற, நீரின் தன்மை மாறும் ஒரு நாளில் அவை பிடித்துவைத்த காப்பர் மறுபடியும் நீருக்குள் இறங்கவும் கூடும். சிகிச்சைத் தொட்டி வெறுந்தரையோடு இருக்க வேண்டும். மீன் ஒளிந்துகொள்ள அகலமான பி.வி.சி. குழாய்த் துண்டுகளே போதும். ஹீட்டர், ஏர் பம்ப், ஏற்கெனவே பாக்டீரியா படிந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஆகியவை இருந்தால் தொட்டி தயார். ஆக்டிவேட்டட் கார்பனை எடுத்துவிட வேண்டும். அதுவும் மருந்தை உறிஞ்சும்.

காப்பர் மருந்துகள் எல்லாம் ஒரே அளவில் வேலை செய்வதில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காப்பர் சல்பேட் போன்ற அயனி வடிவ மருந்து லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். வேதிப் பிணைப்பில் கட்டப்பட்டு மெல்ல வெளிப்படும் வகைகளில் சில லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்படுபவை. ஒன்றின் அளவை மற்றொன்றுக்கு வைத்துக்கொண்டால், ஒரு பக்கம் மருந்து பலிக்காது, இன்னொரு பக்கம் மீன் பிழைக்காது. புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து, அந்த வகையை அளக்கக்கூடிய டெஸ்ட் கிட்டைத்தான் வாங்க வேண்டும். நீரின் உண்மையான கொள்ளளவையும் அறிந்துகொள்ளுங்கள். 80 லிட்டர் என்று விற்கப்படும் தொட்டியில் விளிம்புக்குக் கீழே நிறுத்தினால் 70 லிட்டர்கூட இருக்காது. வாளியால் அளந்து ஊற்றுவதே நம்பத்தக்க வழி.

மீன்கள் தீனியைத் தொடாததற்கு, காப்பரை ஒரே நாளில் முழு அளவுக்கு ஏற்றியது ஒரு காரணமாக இருக்கலாம். மூன்று நான்கு நாளில் படிப்படியாக உயர்த்தினால் பெரும்பாலான மீன்கள் தாங்கிக்கொள்ளும். மற்றொரு காரணம், மீனின் கழிவிலிருந்து நீரில் சேரும் அம்மோனியா. இதை உடனே அளந்து பாருங்கள். என் அனுபவத்தில் சிகிச்சைத் தொட்டிகளில் நோயைவிட அம்மோனியாவால் இறக்கும் மீன்களே அதிகம். அம்மோனியா உயர்ந்திருந்தால் அதே அளவு காப்பர் கலந்த புது உப்புநீரால் மாற்றுங்கள். அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் ரசாயனத்தை மட்டும் காப்பரோடு சேர்க்காதீர்கள். அவற்றுள் சில காப்பரை மீனுக்கு மேலும் நச்சான வடிவத்துக்கு மாற்றிவிடும்.

சரியான அளவை எட்டிய நாளிலிருந்து 30 நாள் எண்ணுங்கள். இடையில் ஒரு நாள் அளவு இறங்கிவிட்டால் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். தோலுக்குள் புதைந்திருக்கும் நிலையிலோ கூட்டுக்குள் இருக்கும் நிலையிலோ காப்பர் இந்த ஒட்டுண்ணியைத் தொடாது. கூட்டைவிட்டு வெளியே நீந்தும் அந்தக் குறுகிய காலத்தில்தான் கொல்கிறது. ஆகவே மருந்து போட்ட பிறகும் சில நாள் புள்ளிகள் தெரிவதைக் கண்டு அளவைக் கூட்டிவிடாதீர்கள். சுறா, திருக்கை போன்ற குருத்தெலும்பு மீன்களுக்குக் காப்பர் கூடவே கூடாது.

கேள்வி: என்னிடம் உள்ள மாண்டரின் மீனுக்குக் காப்பர் ஒத்துக்கொள்ளாது என்கிறார்கள். மருந்தே இல்லாமல் வெண்புள்ளியைப் போக்க முடியுமா?

பதில்: முடியும். மாண்டரினுக்கு நான் பரிந்துரைப்பது தொட்டி மாற்றும் முறை. மீனிலிருந்து இறங்கிய ஒட்டுண்ணி கூடு கட்டி, அந்தக் கூடு உடைவதற்குக் குறைந்தது மூன்று நாளாவது ஆகும். அதற்குள் மீனை வேறொரு தூய தொட்டிக்கு மாற்றிவிட்டால், இறங்கியவை எல்லாம் பழைய தொட்டியிலேயே நின்றுவிடும். 72 மணி நேரத்தைத் தாண்டாமல் நான்கு முறை இப்படி மாற்றினால், மீனின் உடலில் இருந்தவை அனைத்தும் இறங்கி முடிந்திருக்கும். பன்னிரண்டு நாளில் வேலை முடிந்துவிடும். இரண்டு சிறு தொட்டிகளும் இரண்டு ஜோடி உபகரணங்களும் தேவை. ஒன்று பயன்பாட்டில் இருக்கும்போது மற்றொன்றைக் கழுவி, ஈரம் சிறிதும் இல்லாதபடி முழுவதும் உலர விட வேண்டும். புதுத் தொட்டியின் உப்பளவும் வெப்பநிலையும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும், மீனோடு பழைய நீர் போகக் கூடாது. இவ்விரண்டிலும் கவனம் தப்பினால் முறையே தோற்றுவிடும். மாண்டரின் உயிருள்ள சிற்றிரையையே விரும்பி உண்பதால், அந்தப் பன்னிரண்டு நாளுக்கும் அதற்கு இரை ஏற்பாடு செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

உப்பளவைக் குறைக்கும் முறை இன்னொன்று. நீரின் ஒப்படர்த்தியை, அதாவது தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தியை, இரண்டு நாளில் 1.009க்கு இறக்கி, நான்கு வாரம் அதே அளவில் நிறுத்தி, பிறகு ஒரு வாரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். 1.011 ஆனாலே பலன் சந்தேகத்துக்குரியதாகிவிடும் என்பதால், உப்பளவைக் காட்டும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டர், அதுவும் அளவு திருத்தியது, இல்லாமல் இதில் இறங்காதீர்கள். குறைந்த உப்பைத் தாங்கும் ஒட்டுண்ணி வகைகளும் அறியப்பட்டுள்ளன; இதனால் இம்முறையை நான் இரண்டாவதாகவே வைக்கிறேன். பவளம், இறால், நத்தை எதுவும் அந்த நீரில் பிழைக்காது.

கேள்வி: துப்புரவு இறால் வாங்கிவிட்டால் மீன்களின் உடலில் உள்ள வெண்புள்ளிகளை அது தின்றுவிடுமாமே?

பதில்: மீனின் தோல்மேல் கிடக்கும் இறந்த திசுவையும் பெரிய ஒட்டுண்ணிகளையும் அது பொறுக்கித் தின்னும். வெண்புள்ளி ஒட்டுண்ணி தோலுக்கு உள்ளே இருப்பதால் இறாலின் கொடுக்குக்கு எட்டாது. இறாலை அதன் அழகுக்காக வாங்குங்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமை நன்றாக இருந்த மீன்கள் சனிக்கிழமை வேகமாக மூச்சுவிட்டன, தொட்டி நீரைச் சுழற்றும் பம்ப்பான பவர்ஹெட்டின் நீரோட்டத்துக்கு எதிரே போய் நின்றன. ஞாயிறு மாலைக்குள் ஐந்தில் நான்கு இறந்துவிட்டன. புள்ளி எதுவும் தெரியவில்லை. நீர்ப் பரிசோதனையும் சரியாகவே இருந்தது. என்ன நடந்திருக்கும்? மிஞ்சிய ஒன்றை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: நான்கு மீன்களை இரண்டே நாளில் இழந்தது பெரும் துயரம். இத்தனை வேகமும், நீரோட்டத்தை நாடிப்போய் நின்றதும் சேர்ந்து, வெல்வெட் நோயைத்தான் சுட்டுகின்றன. அமைலூடினியம் ஒசெல்லேட்டம் என்னும் ஒட்டுண்ணி முதலில் செவுள்களில் வேர் போன்ற இழைகளை ஊன்றி ஒட்டிக்கொள்கிறது. தோலுக்கு வரும்முன் செவுளிலேயே மீனைக் கொன்றுவிடுவதால் பல வேளைகளில் புள்ளியே தெரிவதில்லை. தெரியும்போதும், வெண்புள்ளியைவிட மிக நுண்ணிய, மஞ்சள் கலந்த பழுப்புத் தூளாகத்தான் தெரியும். அறை விளக்கை அணைத்துவிட்டு, மீனின் பக்கவாட்டிலிருந்து டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்த்தால், கரிய நிற மீன்களில் அந்தத் தூள் படலம் மின்னுவதைக் காணலாம். வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குவதும் துடுப்புகளை உடலோடு இறுக்கிக்கொள்வதும் மற்ற அறிகுறிகள்.

மிஞ்சிய மீனை நாளைக்கு என்று தள்ளாமல் இப்போதே வெளியே எடுங்கள். குளோரின் நீக்கி, காற்றூட்டி, தொட்டி நீரின் வெப்பநிலைக்கும் பிஎச் அளவுக்கும் பொருத்திய நன்னீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டால், செவுளில் ஒட்டியவற்றுள் ஒரு பகுதி உதிர்ந்து மூச்சு சற்று எளிதாகும். இது முதலுதவி மட்டுமே. அதன்பின் தூய தொட்டியில் காப்பரோ குளோரோகுயின் பாஸ்பேட்டோ தொடங்க வேண்டும். குளோரோகுயின் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற அளவில் இந்த ஒட்டுண்ணியின் மேல் நன்றாக வேலை செய்கிறது; மீன் மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் சீட்டு பெற்று, தூய மருந்தையே வாங்குங்கள். வீட்டில் இதை அளந்து பார்க்க டெஸ்ட் கிட் கிடையாது என்பதால் நீரின் கொள்ளளவும் மருந்தின் எடையும் துல்லியமாக இருக்க வேண்டும். முந்தைய பதிலில் சொன்ன உப்புக் குறைப்பு இங்கே பயன்படாது. மிகக் குறைந்த உப்பிலும் இந்த உயிரி வாழும்.

இது ஒரு கூட்டிலிருந்து 256 வரை பெருகக்கூடியது. நீர்த்துளிகள் தெறிப்பதன் வழியாகவும் ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும். ஆகவே சிகிச்சைத் தொட்டியைப் பெரிய தொட்டியிலிருந்து சில மீட்டர் தள்ளி வையுங்கள்; வலை, குழாய், கை எதுவும் ஈரத்தோடு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகக் கூடாது. பெரிய தொட்டிக்கு அதே 76 நாள் ஓய்வு கொடுத்துவிட்டால் இதற்கும் போதுமானது.

கேள்வி: புதிதாக வாங்கிய ஒரு ஜோடி கோமாளி மீன்களின் உடலிலிருந்து வெள்ளைச் சளி இழை இழையாக உரிகிறது. காப்பர் மூன்று நாளாகப் போட்டும் மோசமாகிறது.

பதில்: காப்பரை நிறுத்திவிடலாம். கோமாளி மீன்களில் சளி இப்படி உரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது புரூக்ளினெல்லா ஹாஸ்டிலிஸ். இதற்குக் காப்பர் பலிப்பதில்லை. இது கூடு கட்டிக் காத்திருக்கும் வகையும் இல்லை. மீனின் மேலேயே இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகுவதால் ஓரிரு நாளில் நிலைமை முற்றிவிடும்.

இதற்கு நெடுநாளாக நம்பப்படுவது ஃபார்மலின் குளியல். 37 விழுக்காடு ஃபார்மலினை லிட்டருக்கு 0.15 மில்லி என்ற அளவில் தனி வாளியில் உள்ள உப்புநீரில் கலந்து, 45 நிமிடம் மீனை அதில் விட்டு, பிறகு வேறு தூய தொட்டிக்கு மாற்ற வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மூன்று முறை செய்வது வழக்கம். ஃபார்மலின் நீரின் ஆக்சிஜனைக் குறைக்கும் என்பதால் ஏர் பம்ப் முழு வேகத்தில் ஓட வேண்டும். மீன் சாய்ந்தால் நேரத்தைப் பார்க்காமல் எடுத்துவிட வேண்டும். புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்த மருந்தைத் தொடாதீர்கள். அந்தப் படிவு மீனுக்குக் கொடிய நஞ்சு. ஃபார்மலின் மனிதர்களுக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் அருகில் இல்லாதபோது மட்டுமே கையாளுங்கள். இதற்கெல்லாம் வசதி இல்லாதவர்கள் மெட்ரோனிடசோல் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேட்கலாம்.

கேள்வி: என் ஏஞ்சல் மீன் பாறையில் உடலைத் தேய்க்கிறது, ஒரு கண் மங்கலாக இருக்கிறது. புள்ளியும் இல்லை, மூச்சும் இயல்பாகவே இருக்கிறது. எந்த ஒட்டுண்ணி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தோல்புழுவாக இருக்கலாம். இதை உறுதிசெய்ய ஓர் எளிய சோதனை உண்டு. நியோபெனிடீனியா போன்ற தட்டைப்புழுக்கள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம் இருந்தாலும், கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் உடல் கொண்டவை. அதனால்தான் மீனின் மேல் இருக்கும்போது தெரிவதில்லை. அடிப்பகுதி கறுப்பான ஒரு பாத்திரத்தில், முன்பு சொன்னபடி வெப்பநிலையும் பிஎச்சும் பொருத்திய நன்னீரை எடுத்து, மீனை ஐந்து நிமிடம் அதில் விடுங்கள். பிஎச்சை உயர்த்தச் சமையல் சோடா போதும். இரண்டாம் மூன்றாம் நிமிடத்தில் மீனின் கண்ணிலும் தோலிலும் வெண்ணிறத் தகடுகள் திடீரென்று தெரியத் தொடங்கும். நன்னீர் பட்டதும் புழுவின் உடல் ஒளி புகாத வெள்ளையாகிவிடுவதே காரணம். பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்து பாத்திரத்தின் அடியில் படியும்; கறுப்புத் தரையில் அவற்றை எண்ணிவிடலாம்.

புழு உறுதியானால் பிராசிகுவாண்டெல் மருந்து லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். அது எளிதில் கரையாது. சிறிது நீரில் நன்றாகக் குலுக்கிக் கலக்கிய பிறகே ஊற்ற வேண்டும். இந்த மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டைகள் ஒட்டும் இழைகளோடு தொட்டியில் சிக்கிக் கிடந்து, வெதுவெதுப்பான நீரில் ஒரு வாரத்துக்குள் பொரிந்துவிடும். எனவே ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் இரண்டாவது முறை மருந்து போடாவிட்டால் முதல் முறை போட்டது வீணே. பவளங்கள் பெரும்பாலும் இதைத் தாங்கினாலும் விசிறிப்புழுக்கள் இறந்துவிடும்.

கேள்வி: மீன்களை ஒரு மாதம் தனிமைத் தொட்டியில் வைத்த பிறகே சேர்க்கிறேன். ஆனால் நத்தைகளையும் பவளத் துண்டுகளையும் நேராகப் பெரிய தொட்டியில் விடுகிறேன். அவற்றுக்குத்தான் இந்த நோய்கள் வராதே?

பதில்: அவற்றுக்கு வராது, ஆனால் அவற்றின் மேல் வரும். விற்பனைத் தொட்டியில் மீனிலிருந்து இறங்கிய ஒட்டுண்ணி நத்தையின் ஓட்டிலோ பவளத் துண்டின் அடிக்கல்லிலோ கூடு கட்டியிருந்தால், அதை நம் கண்ணால் காண முடியாது. ஓட்டைத் தேய்த்துக் கழுவினாலும், பவளப்பூச்சிகளுக்கான குளியல் மருந்தில் நனைத்தாலும் எல்லாக் கூடுகளும் அழிந்துவிடும் என்று நம்ப முடியாது. மீன் இல்லாத ஒரு சிறு தொட்டியில், விளக்கும் நீரோட்டமும் கொடுத்து, அவற்றையும் 76 நாள் வைத்திருந்த பிறகே பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். அந்தத் தொட்டியில் இடையில் புதிதாக ஒரு துண்டு சேர்ந்தால், அங்கு இருக்கும் அனைத்துக்கும் அன்றிலிருந்து மறுபடியும் எண்ண வேண்டும்.